நேற்றே புறப்பட்ட படகு

போடியிலிருந்து மதுரைக்குச் செய்திக் கவர் போகிற பஸ் பிற்பகல் மூன்றரை மணிக்குக் கிளம்பும். பழுப்பு உறையின் மேல் சிவப்பு மையில் 'அவசரம், செய்தி' என்று எழுதிக் கண்டக்டரிடம் கொடுத்தால் டிக்கெட் பையோடு சேர்த்து வைத்துக்கொள்வார். மதுரையில் அலுவலகத்து ஆள் பஸ் நிலையத்தில் நின்று வாங்கிப் போவார். மூன்றரைக்குப் பிறகு போடியில் என்ன நடந்தாலும் அது மறுநாள் பேப்பரில் வராது. ஆகவே மூன்றரைக்குப் பிறகு நடக்கவேண்டியதை மூன்று மணிக்கே நடந்ததாக எழுதிவிடுவோம். மாலை ஐந்து மணிக் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே ஆட்கள் திரண்டுவிடுவார்கள். ஆறு மணிக்கு ஏற்றவேண்டிய விளக்கை நாங்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவோம். அந்தக் காலத்தில் எல்லா ஊர் நிருபர்களும் இப்படித்தான் எழுதினார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை.

போன மாதம் தேனியில் நிருபர்கள் சிலர் கூடியபோது என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு இளம்பெண், இரண்டு வருடமாக நிருபராக இருப்பவர், தன் போனை என்னிடம் காட்டினார்.

"நாளைக்குக் காலைல பத்து மணி விழா சார். இப்பவே எழுதி ஏத்தி வச்சுட்டேன். பத்தே காலுக்குத் தானா வெளியில போயிரும்."

"விழா நடக்கலைன்னா?"

"நடக்காம எங்க சார் போகப்போகுது?"

இதே பதிலை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். தங்கள் ஆண்டு மலருக்கு, பஸ்ஸில் கவர் அனுப்பிய காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். போடிமெட்டு மலைப்பாதையில் மண் சரிந்து நாலு நாள் சாலை மூடியது, தேவாரம் பக்கம் யானை இறங்கி வாழைத்தோட்டத்தை அழித்தது என்று எழுத எத்தனையோ இருக்கின்றன. அவற்றை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். இதை எழுதுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்துநாலு வயது. ஏலக்காய் விலை, மழை அளவு, மெட்டுச் சாலை விபத்து ஆகிய மூன்றையும் தவறில்லாமல் அனுப்பக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. என் மேலதிகாரி மதுரையில் செய்தி ஆசிரியராக இருந்த கோதண்டம். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தமாட்டார். எந்தச் செய்தியைச் சொன்னாலும் முதலில், "பாத்தியா, கேட்டியா?" என்று கேட்பார். "கேட்டேன் சார்" என்றால், "யார்ட்ட?" என்பார். அதற்குமேல் எதுவும் பேசமாட்டார். நாமாகவே போனை வைத்துவிட்டு மறுபடி விசாரிக்கப் போய்விடுவோம்.

தவறான செய்தி வந்துவிட்டால் அவர் ஒரு முறை வைத்திருந்தார். நிருபர் மதுரைக்கு நேரில் போகவேண்டும். அவருக்கு எதிரே உட்காரவைத்து ஒரு டீ வரவழைப்பார். டீயைக் குடித்து முடித்ததும் ஒரு துண்டுத் தாளைத் தள்ளுவார். அதில் நாலு வரிக்குள் திருத்தத்தை நம் கையாலேயே எழுதவேண்டும். என்ன வெளியானது, என்ன நடந்தது, அவ்வளவுதான். பிறகு எழுந்து நின்று அந்த அறையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கவேண்டும். எங்கள் மாவட்ட நிருபர்களிடையே 'டீ குடிச்சவன்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் ஒருமுறை குடித்தேன். ஒரு தேரோட்டத்தன்று தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததாக மூன்று மணிக்கே கவர் அனுப்பிவிட்டேன். நாலரை மணிக்கு வடம் அறுந்து, தேர் வீதியின் முக்கில் இரண்டு நாள் நின்றது. பேப்பரில் நிலைக்கு வந்த தேரை ஊரே வீதியில் நிற்கப் பார்த்தது. மதுரைக்குப் போனேன். 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று முடித்திருந்ததைக் கோதண்டம் ஒரே கோட்டில் அடித்தார்.

"வருத்தத்த உன் வீட்டுல வச்சுக்க. படிக்கிறவனுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு, போதும்."

அன்று படித்து முடித்ததும் யாரையும் பார்க்காமல் படியிறங்கி வந்தேன். அந்த அறையில் இனி ஒருபோதும் எழுந்து நிற்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். இனித் தவறு செய்யக்கூடாது என்று முடிவு செய்திருக்கவேண்டும். இரண்டும் ஒன்றல்ல என்று புரிய இருபத்தைந்து வருடம் ஆனது.

கவர் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸ் போய் ஈமெயில் வந்தது. பக்கம் முடிக்கும் நேரம் மாலை ஏழு என்று ஆனது. முன்கூட்டி எழுதும் பழக்கம் மட்டும் என்னிடமிருந்து போகவில்லை.

நான் ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தபோது தனபாலன் தன் பயணத்தைப் பற்றிச் சொன்னார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர். அதற்கு முன் சரக்குக் கப்பல்களில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஊருக்குத் திரும்பியபிறகும் கடல் அவரை விடவில்லை. கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, மூன்று வருடம் போய்ப் போய்ச் செப்பனிட்டார். இரண்டு ஜீப்பை முன்னும் பின்னும் நிறுத்தினால் வருகிற நீளம். அம்மா பெயரை வைத்திருந்தார், காமாட்சி. கொச்சியிலிருந்து மாலத்தீவுக்கு ஐந்தாறு நாளில் போவது, அங்கே நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். துணைக்குக் கூட்டிப்போவது ஈஸ்வரனை.

ஈஸ்வரன் அவருடைய ஜீப்பை ஓட்டியவன். முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் விடியற்காலை எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவான், மாலையில் இறங்குவான். கொச்சிக்குப் படகு வேலைக்குப் போகும்போதெல்லாம் தனபாலனுக்கு உதவியாக இருந்து, கடலை ஒட்டிய காயல் நீருக்குள் பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் கற்றிருந்தான். கடலுக்குள் போனதில்லை. அவன் மனைவி ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

ஜனவரி மாதம். வியாழக்கிழமை விடியற்காலை புறப்பாடு என்று முடிவாகி, புதன்கிழமை மூவரும் அந்த ஜீப்பிலேயே கொச்சிக்குக் கிளம்பினோம். முதல் நாள் பாதிவரை நானும் படகில் போவது, கூடவே வரும் மீன்பிடி வள்ளத்தில் ஏறிக் கரைக்குத் திரும்புவது என்று ஏற்பாடு.

மெட்டு ஏறும்போது ஈஸ்வரன் எனக்கு இரண்டு ஏலக்காயை நீட்டினான்.

"கடவாயில வச்சுக்கங்கண்ணே. பதினேழு வளைவு. பதினொன்னத் தாண்டிட்டீங்கன்னா பொழச்சீங்க."

"எனக்கு ஒன்னும் செய்யாதுப்பா."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க. அப்பறம் நான்தான் வண்டியக் கழுவணும். பேப்பர்காரரு வயிறு, பேப்பர் மாதிரித்தான இருக்கும்."

"நீ வாந்தி எடுத்ததே இல்லையா?"

"வண்டி என் கையில இருக்குல்ல. எந்தப் பக்கம் சாயப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். பின்னாடி உக்காந்துருக்கவனுக்குத் தெரியாது. அம்புட்டுத்தான்."

சாலையோரம் ஒரு சாமி பீடம். எல்லா ஓட்டுநர்களும் அங்கே ஒரு கையால் நெற்றியைத் தொட்டுக்கொள்வார்கள். ஈஸ்வரன் தலையை மட்டும் ஆட்டினான். எதிரே வந்த ஜீப்காரர் கையை உயர்த்தியபோதும் தலைதான் ஆடியது.

"சாமிக்கே தலையாட்டலா?" என்றேன்.

"ஸ்டேரிங்க விட்டுட்டுக் கும்புட்டா சாமி கோவிச்சுக்கும்ணே."

தனபாலன் முன்சீட்டில் சிரித்தார். "கல்யாணத்துல தாலி கட்டும்போதாவது ரெண்டு கையையும் ஸ்டேரிங்குல இருந்து எடுத்தியா அப்பு?"

கொச்சியில் அன்று மாலை படகுத்துறையில் படம் எடுத்தேன். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் ஈஸ்வரன் முன்பக்கம் நின்றான். "கையத் தூக்கு, டாட்டா காட்டுற மாதிரி" என்றேன். சங்கடத்தோடு வலது கையைத் தூக்கினான். இடது கை கம்பியில் இருந்தது. படகைத் துறையோடு கட்டியிருந்த கயிறு படத்தில் தெரிந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டேன்.

மறுநாள் முழுக்கக் கடலில் இருப்பேன் என்பதால் அன்று இரவே செய்தியை எழுதி, ஒரு பிரவுசிங் கடையிலிருந்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பேப்பருக்கு. 'போடி ஏலக்காய் வியாபாரி தனபாலனும் ஜீப் ஓட்டுநர் ஈஸ்வரனும் நேற்றுக் காலை கொச்சியிலிருந்து சிறிய பாய்மரப் படகில் மாலத்தீவுக்குப் புறப்பட்டனர். கரை மறையும் வரை ஈஸ்வரன் கையசைத்தபடி சென்றார்.' மூன்று பத்தி, நாலு காலம் அகலத்துக்கு வண்ணப் படம்.

வியாழக்கிழமை படகு புறப்படவில்லை. நாட்டை விட்டுப் போவதற்கான தாள்களில் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. தனபாலன் காலையிலிருந்து அலைந்து, ஐந்து மணிக்கு அதை வாங்கிக்கொண்டு வந்தார். "நாளைக்கு விடியக் கிளம்புறோம்" என்றார். அப்போது நேரம் ஐந்து இருபது. பக்கம் முடிக்க ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது. போன் என் சட்டைப்பையில் இருந்தது, சார்ஜும் இருந்தது. கோதண்டத்தைக் கூப்பிட்டு, "அந்தச் செய்திய நிறுத்தி வைங்க சார், இன்னும் கிளம்பல" என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது.

சொல்லியிருந்தால் அவர் திட்டியிருக்கமாட்டார். "கிளம்புனதப் பாக்காமத்தான் கையசைச்சாருன்னு எழுதுனியா?" என்று கேட்டிருப்பார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு நாள் முன்னே பின்னே, எப்படியும் போகத்தானே போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். செய்தி போய்விட்டதை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை. சாப்பிடப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் படகு துறையை விட்டது. அன்று நான் எடுத்த குறிப்புகள் இன்னும் இருக்கின்றன. இன்ஜினை ஓட்டிக்கொண்டு காயலைக் கடந்தோம். இரண்டு பக்கமும் சீன வலைகள் தண்ணீருக்கு மேலே தூக்கி நின்றன. ஆறு ஐம்பதுக்குத் துறைமுக வாயைத் தாண்டினோம். முதல் பெரிய அலை அங்கேதான் வந்தது. படகின் மூக்கு எழுந்து இறங்கியது. எனக்கு உடனே குமட்டியது. ஓரத்துக்குப் போய் ஒருமுறை எடுத்தேன், அத்தோடு சரியாகிவிட்டது.

"பதினொன்னாவது வளைவு தாண்டியாச்சாண்ணே?" என்றான் ஈஸ்வரன். சுக்கான் அவன் கையில் இருந்தது.

தனபாலன் ஒரு விதி வைத்திருந்தார். உள்ளறையை விட்டு வெளியே வந்தால் இடுப்பில் கட்டிய கயிற்றின் கொக்கியைப் படகோரத்துக் கம்பியில் மாட்டவேண்டும். மாட்டாமல் ஓர் அடிகூட வைக்கக்கூடாது. தானே முதலில் மாட்டினார், பிறகு எங்களுடையதை இழுத்துப் பார்த்தார். ஏழேகாலுக்கு இன்ஜினை நிறுத்திப் பாய்களை ஏற்றினார். சத்தம் நின்றதும் கடலின் சத்தம் கேட்டது. கரையிலிருந்து வீசும் காலைக் காற்று பின்னால் இருந்து தள்ளியது. சைக்கிளை விடக் குறைவான வேகம். பழுப்புத் தண்ணீர் பச்சையானது. எட்டரை மணிக்கு ஈஸ்வரனின் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை மூவரும் சாப்பிட்டோம். தனபாலன் அன்று பேசிய அளவுக்கு நான் அவர் பேசிக் கேட்டதில்லை. பெட்டியில் இரண்டு கிலோ ஏலக்காய் இருந்தது, மாலத்தீவு வியாபாரிகளுக்குக் கொடுக்க. "கப்பல்ல போனப்ப நம்ம ஊர்க் காயை எத்தனையோ மூட்டை ஏத்தி இறக்கிருக்கேன். எவன் கையிலயும் நானே கொண்டுபோய்க் குடுத்ததில்ல" என்றார்.

ஒன்பதரைக்குக் காற்று விழுந்தது. கரைக்காற்று முடிந்து கடல்காற்று தொடங்குவதற்கு இடையே இப்படி இரண்டு மூன்று மணி நேரம் வரும் என்று தனபாலன் விளக்கினார். பாய்கள் துவண்டு தொங்கின. அலை மட்டும் நிற்கவில்லை. முன்னேறாத படகு இடமும் வலமும் சாய்ந்து ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பாயின் அடிக்கட்டை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் அடித்தது. டீசலைச் சேமிக்க இன்ஜினைப் போடவில்லை.

ஈஸ்வரன் சுக்கானைத் திருப்பிப் பார்த்தான். படகு கேட்கவில்லை. ஓடாத படகுக்குச் சுக்கான் கிடையாது. அவன் முகத்தில் வேர்வை அரும்பியதைப் பார்த்தேன். பத்து ஐந்துக்கு முதல் வாந்தி. பத்தரைக்குள் நாலு. தண்ணீர் கொடுத்தால் தண்ணீர் வந்தது. தனபாலன் மாத்திரை கொடுத்தார், அதுவும் வந்துவிட்டது. பதினொரு மணிக்கு அவன் தரையில் உட்கார்ந்து, வாளியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தான். உதடு வெளுத்திருந்தது.

நூறு அடி தள்ளி மீன்பிடி வள்ளம் மிதந்துகொண்டிருந்தது. அதை ஓட்டியவர் அந்தோணி, அறுபது வயது மீனவர். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஆளு வய்யா சாரே! இங்ஙோட்டு கேற்றிக்கோ!"

ஆளுக்கு முடியவில்லை, இந்தப் பக்கம் ஏற்றிவிடுங்கள் என்கிறார். ஈஸ்வரனும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நான் திரும்பிறவா?" என்று தனபாலனைக் கேட்டான்.

தனபாலன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தாராளமாப் போ அப்பு. சிலருக்கு ரெண்டு நாள்ல நிக்கும், சிலருக்குக் கடைசிவரைக்கும் நிக்காது. நான் ஒத்தையாளா ஓட்டிருவேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

"வீட்டுல ஒரு வார்த்த சொல்லிர்றேன்" என்று ஈஸ்வரன் போனை எடுத்தான். கரையிலிருந்து ஒன்பது மைல். கொச்சியின் உயரமான கட்டடங்களின் தலைகள் மட்டும் வெயில் புகைக்குள் தெரிந்தன. சிக்னல் இருந்தது. அவன் பேசியதை மட்டும் நான் கேட்டேன்.

"நான்தான்... கேக்குதா?... நல்லாத்தான் இருக்கேன். ஏய், வந்துறவான்னு... என்ன சத்தம் அங்க? வெடியா?... எதுல?... என் போட்டாவுமா?" நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "நேத்தா?... ம்... ம். சரி. வச்சிர்றேன்."

என்னைப் பார்த்தான்.

"நேத்தே போயிட்டமாம்லண்ணே."

நான் குறிப்பேட்டை மூடினேன்.

"கரை மறையிற வரைக்கும் கையக் காட்டுனேன்னு போட்டுருக்காம். ஸ்டாண்டுல எல்லாப் பயலும் வாங்கி வச்சுருக்கானாம், வெடி போடுறாய்ங்களாம்." திரும்பிப் பார்த்தான். "கரை இன்னும் மறையலையேண்ணே."

தனபாலனும் என்னைப் பார்த்தார். முன்பக்கம் போய் ஒரு கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.

ஈஸ்வரன் குரலைத் தணித்தான். "இப்ப நான் எறங்கி வந்தா என்னண்ணே போடுவீங்க?"

"ஒன்னும் போடமாட்டேன். யாருக்கும் தெரியாது."

"எப்பிடித் தெரியாமப் போகும்? நாளைக்கு நான் வண்டி எடுக்கணும்ல? ஒவ்வொருத்தன்ட்டயும் நானே சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? இம்புட்டு நாளும் அடுத்தவன் வாந்தி எடுத்ததச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவன்ணே நான்." மூச்சு வாங்கினான். "நாலு வரி போடுங்க, போதும். கிளம்புனது இன்னைக்கித்தான், ஒடம்புக்கு முடியாம ஆள் திரும்பிட்டான்னு. பேப்பர்ல வந்துட்டா ஒரு நாள் கேலி பண்ணுவாய்ங்க, விட்ருவாய்ங்க. போடுவீங்களாண்ணே?"

அவன் கேட்டது திருத்தம். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது. அளவு தெரிந்திருந்தது, நாலு வரி. அதை எழுத நான் மதுரைக்குப் போகவேண்டும், டீ குடிக்கவேண்டும், எழுந்து நிற்கவேண்டும்.

"பாக்கலாம்" என்றேன்.

ஊரில் யாராவது ஒரு செய்தியைக் கொண்டுவந்து போடச் சொல்லும்போது, போடமுடியாது என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல் அது. முப்பது வருடமாக அதை நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். போடியில் அதன் பொருள் தெரியாதவர்கள் இல்லை. ஈஸ்வரன் தலையை ஒருமுறை ஆட்டினான்.

பன்னிரண்டு மணிக்கு வடமேற்கிலிருந்து கடல்காற்று வந்தது. பாய் நிரம்பியது, ஆட்டம் குறைந்தது. ஈஸ்வரன் எழுந்து சுக்கானுக்கு வந்தான். "இப்பப் பரவால்லண்ணே. நான் வர்றேன்" என்று தனபாலனிடம் சொன்னான். தனபாலன் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நெசமாத்தானா?" என்றார். "நெசமாத்தான்." இரண்டாவது முறையும் கேட்டார். அவனும் அதையே சொன்னான்.

பன்னிரண்டரைக்கு அந்தோணி வள்ளத்தை ஒட்டிக் கொண்டுவந்தார். இரண்டும் ஒன்றாக எழுகிற நொடிக்காகக் காத்திருந்து நான் தாவினேன். அந்தோணி ஈஸ்வரனை நோக்கிக் கையை நீட்டியபடியே இருந்தார். "வா மோனே." ஈஸ்வரன் இல்லை என்று தலையாட்டினான். வள்ளம் திரும்பியதும் பார்த்தேன். காமாட்சி ஒரு பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. தனபாலன் சுக்கானை வாங்கிக்கொண்டிருந்தார். ஈஸ்வரன் எனக்கு முதுகைக் காட்டி, கடலுக்குக் குனிந்து, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தான். கரையில் நடந்து திரும்பியபோதும் என் கால்களுக்கு அடியில் தரை ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்தது, தனபாலன் போலீஸில் எழுதிக்கொடுத்தபடி, இதுதான். வாந்தி நிற்கவில்லை. இரண்டாம் நாள் திரும்பிவிடலாம் என்று அவர் சொன்னார், ஈஸ்வரன் கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வெளிச்சம் வந்தபிறகு, அவனைச் சுக்கானில் விட்டு அவர் அரைமணி நேரம் படுத்தார். எழுந்தபோது அவன் இல்லை. இடுப்புக் கயிறு கொக்கியோடு கம்பியில் தொங்கியது. காற்று வீசும் பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் வாந்தி எடுக்க இடுப்பிலிருந்து அதை அவிழ்த்திருக்கவேண்டும். குடிக்கத் தண்ணீர் தங்காத உடம்பு, கை நழுவியிருக்கவேண்டும். மாலை வரை தேடினார். தகவல் போய்க் கடலோரக் காவல்படையும் தேடியது. உடல் கிடைக்கவில்லை.

அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். அன்று மாலை கோதண்டம் கூப்பிட்டார்.

"போலீஸ்ல வெள்ளிக்கிழமை கிளம்புனதா இருக்கு. நம்ம வியாழன்னு போட்டுருக்கோம்."

"ஒரு நாள்தான சார்" என்றேன்.

டீக்குக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். "சரி" என்று வைத்துவிட்டார். ஒரு சாவுக்கு நடுவே நாளைத் திருத்துவது அழகாக இருக்காது என்று நினைத்திருக்கலாம். கையசைத்தது பொய் என்று அவருக்குத் தெரியாது. ஓய்வு வயது கடந்தும் பணியில் இருந்தவர், அடுத்த வருடம் விலகினார், இப்போது உயிரோடு இல்லை. அவர் என்னைக் கூப்பிடாமல் விட்ட ஒரே தவறு அதுதான். நான் போய் நின்றிருக்கவேண்டியதும் அதற்குத்தான்.

தனபாலன் படகை விற்றுவிட்டார். கடையில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார். ஒருமுறை நானே போய் நின்றேன். "அன்னைக்கு அவனக் கட்டாயப்படுத்தி உங்க கூட எறக்கிருக்கணும். நான் படகுக்குத் தலைவன்" என்று மட்டும் சொன்னார். என் பங்கை அவர் எனக்கு விட்டுவைத்தார்.

ஈஸ்வரன் மனைவியின் கடைச் சுவரில் அந்தச் செய்தி லேமினேட் செய்து மாட்டியிருக்கிறது. துக்கத்துக்குப் போனபோது அவர் என்னிடம் கேட்டார், "கையக் காட்டுனாகளாண்ணே?" என்று. "காட்டுனான்" என்று சொல்லியிருந்தேன். பன்னிரண்டு வருடம் அந்த வழியாகப் போகும்போது எதிர்ப்பக்கம் நடந்தேன்.

இதை எழுதுவதற்கு முன் போன வாரம் கடைக்குப் போனேன். பிற்பகல், கூட்டமில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வியாழன், வெள்ளி, படம், "பாக்கலாம்" எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தவில்லை. முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன்ல 'வந்துறவா'ன்னு என்னையத்தாண்ணே கேட்டாக. கடை நெறைய ஆளு, எல்லார் கையிலயும் பேப்பரு. பேப்பர்ல போட்டதுக்கப்பறம் எப்பிடி வர்றது, போயிட்டே வாங்கன்னு நான்தான் சொன்னேன். இன்னைக்கி வரைக்கும் ஒருத்தர்ட்டயும் சொல்லல."

வெங்காயத் தோலைக் கூட்டி ஓரமாகத் தள்ளினார்.

"நான் எழுதப்போறேன் ஆத்தா. உன்னையப் பத்தியும் வரும். வேணாம்னா விட்டுர்றேன்."

"எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்." சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "அப்ப, கையக் காட்டலையா?"

"இல்ல. ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சிருந்தான்."

"அதான பாத்தேன்" என்றார். "கைய விடுற ஆளில்லையே அவுக."

மதுரை அலுவலகத்தின் அந்த அறை இப்போது இல்லை. டீ வரவழைக்கவும் ஆளில்லை. அவன் கேட்ட நாலு வரியை இங்கே எழுதுகிறேன்.

திருத்தம்: போடி ஜீப் ஓட்டுநர் ஈஸ்வரன் கொச்சியிலிருந்து வியாழக்கிழமை படகில் புறப்பட்டதாகவும், கரை மறையும் வரை கையசைத்தபடி சென்றதாகவும் வெளியானது. அவர் புறப்பட்டது வெள்ளிக்கிழமை. அவர் கையசைக்கவில்லை. கரை மறைவதற்கு முன்பே திரும்பி வர விரும்பினார்.